மாமனார் சர்க்காரைக் கேள்வி கேட்ட மருமகன்

பாராளுமன்றத்தில் ஓர் அங்கத்தினர் எழுந்து பேசுகிறார். இன்ன மந்திரி இன்ன தவறு செய்தார் என்கிறார். இன்ன முதலாளி ஜனங்களின் பணத்தில் இத்தனை லட்சத்தை விழுங்கினார் என்கிறார். மறுநாள் பொழுது விடிந்ததும் அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்துவிடுகிறது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்கிறார். சுற்றி இருக்கும் நாலு பேர் கேட்கிறார்கள்.

இது சர்வசாதாரணமான விஷயமாகத் தோன்றும். ஆனால் 1956-ம் ஆண்டுக்கு முன்பு இது அத்தனை சுலபமாக இல்லை. பாராளுமன்றத்தில் பேசிய அங்கத்தினர் மீது யாரும் வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டம் அவரைக் காப்பாற்றும். அந்தப் பேச்சை அச்சிட்ட பத்திரிகைக்கு அந்தக் காப்பு இல்லை. மானநஷ்டம் என்று சொல்லி அதன் ஆசிரியரைக் கோர்ட்டுப் படி ஏற்றலாம்.

இந்த நிலையை மாற்றியவர் ஒருவர் உண்டு. அவர்தான் பெரோஸ் காந்தி.

பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேருவுக்கு அவர் மருமகன். பிற்காலத்தில் பிரதம மந்திரியான இந்திரா காந்திக்குக் கணவர். இன்னொரு பிரதம மந்திரியான ராஜீவ் காந்திக்குத் தகப்பனார். இத்தனை உறவு இருந்தும் அவர் ஒரு நாளும் மந்திரியாக இருந்ததில்லை. பாராளுமன்றத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண அங்கத்தினராகவே வாழ்ந்து மறைந்தார்.

பார்சிக் குடும்பம்

1912-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ந் தேதி பம்பாயில் பெரோஸ் பிறந்தார். பார்சிக் குடும்பம். தகப்பனார் கப்பல் என்ஜினீயர். வீட்டில் ஐந்து குழந்தைகள். பெரோஸ்தான் கடைக்குட்டி.

காந்தி என்ற பெயரைப் பார்த்து, அவரை மகாத்மா காந்தியின் உறவினர் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவருக்கும் மகாத்மாவுக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. பார்சிகளிலும் அந்தக் குடும்பப் பெயர் உண்டு.

தகப்பனார் இறந்தபின் தாயாரும் மகனும் அலகாபாத்துக்கு வந்தார்கள். அங்கே பெரோஸின் சிற்றன்னை ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தார். அவருடைய ஆதரவில் பெரோஸ் வளர்ந்தார். ஈவிங் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார்.

1930-ம் ஆண்டு. உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் மும்முரமாக நடந்த சமயம். கல்லூரி வாசலில் காங்கிரஸ் பெண்கள் மறியல் செய்தார்கள். ஜவாஹர்லாலின் மனைவி கமலா நேருவும் அவர்களோடு நின்றார். வெயில் கொளுத்தியது. ஏற்கெனவே உடல் நலம் இல்லாத கமலா, மயங்கி விழுந்தார். மாணவர்களில் ஒருவர் ஓடி வந்து உதவினார். அவர்தான் பெரோஸ். அதோடு படிப்பை விட்டுவிட்டுப் போராட்டத்தில் குதித்தார்.

அதே ஆண்டில் பைசாபாத் சிறைக்குப் போனார். அங்கே அவருடன் சிறையில் இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. வெளியே வந்த பிறகு ஐக்கிய மாகாணத்தில் விவசாயிகளின் வரிகொடா இயக்கத்தில் வேலை செய்து, மீண்டும் மீண்டும் ஜெயிலுக்குப் போனார்.

கமலா நேருவுக்குக் காசநோய் முற்றியது. பவாலி என்ற மலை ஊரில் சிகிச்சை பெற்றபோதும், பின்பு ஐரோப்பாவுக்குப் போனபோதும், பெரோஸ் போய்ப் பார்த்து வந்தார். 1936-ல் கமலா காலமானார். அந்தச் சமயம் பெரோஸ் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தார். இந்திராவும் இங்கிலாந்துக்குப் படிக்க வந்தார். பழக்கம் காதலாயிற்று.

1942-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி அலகாபாத் ஆனந்த பவனத்தில் கலியாணம். பார்சிப் பிள்ளைக்கும் காஷ்மீரப் பிராமணப் பெண்ணுக்கும் கலியாணமா என்று நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. காந்தியடிகள் இருவர் பக்கமும் நின்று ஆதரித்தார். ஜவாஹர்லால் ஜெயிலில் நூற்ற நூலில் நெய்த கதர்ப் புடவையை உடுத்தி இந்திரா மணையில் அமர்ந்தார். கலியாணம் ஆகி ஆறு மாதம் முடிவதற்குள் புருஷன், பெண்டாட்டி இருவரும் ஜெயிலில்! வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்துவிட்டது.

1944-ல் ராஜீவ் பிறந்தார். 1946-ல் சஞ்சய் பிறந்தார். அதே 1946-ல் லட்சுமணபுரி என்று நம்மவர்கள் சொல்லும் லக்னோ நகரில், நேரு தொடங்கியிருந்த நேஷனல் ஹெரால்டு பத்திரிகைக்கு பெரோஸ் நிர்வாக டைரக்டர் ஆனார். காகிதம் வாங்குவது, கடன் அடைப்பது, சம்பளம் கொடுப்பது எல்லாம் அவர் தலையில். ஒரு வழக்கு வந்தால் சின்னப் பத்திரிகை என்ன பாடுபடும் என்பது அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வாய் திறக்காத அங்கத்தினர்

1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், ரேபரேலிப் பகுதியில் இருந்து பெரோஸ் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திராவும் ஊர் ஊராகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டார்.

முதல் மூன்று ஆண்டுகள் பெரோஸ் சபையில் வாய் திறந்து பேசியது மிகக் குறைவு. பிரதம மந்திரியின் மாப்பிள்ளை, சும்மா வந்து போகிறார் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் அந்த நாட்களில் அவர் கம்பெனிகளின் ஆண்டுக் கணக்குகளைப் படித்துக் கொண்டிருந்தார். எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தது, யார் பணம் யார் கைக்குப் போயிற்று என்று பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பார்த்து வந்தார்.

1955-ம் ஆண்டு டிசம்பரில் இன்ஷூரன்ஸ் சட்டத் திருத்த மசோதா வந்தது. அன்று பெரோஸ் பேசினார்.

அப்போது ஆயுள் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தனியார் கையில் இருந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தம் சம்பளத்தில் மாதம் சில ரூபாய் மிச்சம் பிடித்து இன்ஷூரன்ஸ் கட்டுகிறார். தமக்கு ஏதாவது நேர்ந்தால் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகக் கட்டுகிறார். இப்படி லட்சக்கணக்கான குடும்பங்கள் கட்டும் பணம் கம்பெனியில் மலையாகக் குவிகிறது. அந்தப் பணத்தைப் பத்திரமான இடத்தில் போட்டு வைக்க வேண்டும். ஆனால் சில முதலாளிகள் அதை எடுத்துத் தங்கள் மற்ற வியாபாரங்களுக்குப் போட்டார்கள். பங்கு மார்க்கெட்டில் சூதாடினார்கள்.

பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இப்படி 2 கோடியே 20 லட்சம் ரூபாய் கையாடப்பட்டதாக, பெரிய முதலாளியான ராமகிருஷ்ண டால்மியா மீது 1955 நவம்பரில் போலீஸ் வழக்குப் பதிவாகியிருந்தது. பின்னால் அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. 1962-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தக் குற்றத்தை உறுதி செய்தது. பெரோஸ் இந்த ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. இன்ஷூரன்ஸ் தொழிலில் நடக்கும் தில்லுமுல்லுகளைப் பெயரும் கணக்குமாக எடுத்து வைத்தார்.

ஒரு மாதம் கடந்தது. 1956 ஜனவரி 19-ந் தேதி இரவு நிதி மந்திரி தேஷ்முக் ரேடியோவில் பேசினார். ஆயுள் இன்ஷூரன்ஸ் முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது என்று அறிவித்தார். 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடண்ட் சங்கங்கள், ஆக 245 நிறுவனங்கள் ஒன்றாயின. 1956 செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த எல்.ஐ.சி. இதுதான். சர்க்காரின் இந்த முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு. பெரோஸின் பேச்சும் அதில் ஒன்று.

வெள்ளிக்கிழமை மசோதா

இந்த இடத்தில்தான் பத்திரிகை விஷயம் வருகிறது.

சபைக்குள் பெரோஸ் முதலாளிகளின் பெயரைச் சொல்லலாம். அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே பேச்சைப் பத்திரிகை வெளியிட்டால்? கோர்ட்டில் நடந்ததை உள்ளது உள்ளபடி வெளியிடுவது மானநஷ்டக் குற்றம் ஆகாது என்று அன்றைய இந்தியன் பீனல் கோடு விதிவிலக்குக் கொடுத்திருந்தது. பாராளுமன்றத்தில் நடந்ததைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கூட இருக்கவில்லை. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய சட்டம் அது. அப்போது இங்கே ஜனங்கள் தேர்ந்தெடுத்த பாராளுமன்றம் ஏது?

பணக்காரனின் பெயரை அச்சிடப் பத்திரிகைகள் பயந்தால், சபைக்குள் எவ்வளவு பேசி என்ன பயன்? பேச்சு நாலு சுவருக்குள் அடங்கிவிடும். ஓட்டுப் போட்டவர்கள் காதுக்கு எட்டாது.

பெரோஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். பாராளுமன்றத்தில் நடந்ததைப் பெரும்பாலும் உண்மையாக வெளியிடும் பத்திரிகை மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. கெட்ட எண்ணத்துடன் வெளியிட்டிருக்கக் கூடாது. பொது நன்மைக்கானதாக இருக்க வேண்டும். ரேடியோவுக்கும் இதே பாதுகாப்பு. மசோதாவின் சாரம் இவ்வளவுதான்.

மந்திரிகள் கொண்டுவரும் மசோதா சுலபமாக நிறைவேறிவிடும். மந்திரி அல்லாத ஒருவர் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் தனி அங்கத்தினர் மசோதா. அதற்கு வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் ஒதுக்குவது லோக்சபையின் வழக்கம். ஊருக்குப் போக மூட்டை கட்டும் நேரம் அது. சுதந்திரம் வந்தது முதல் 1970 வரை அப்படிப்பட்ட மசோதாக்கள் மொத்தம் 14 தான் சட்டமாகியிருக்கின்றன. அதற்குப் பின் ஒன்று கூட இரண்டு சபைகளிலும் நிறைவேறவில்லை. அந்தப் பதினாலில் பெரோஸின் மசோதாவும் ஒன்று. 1956-ம் ஆண்டின் 24-வது சட்டமாக அது வந்தது. அதன் அசல் பெயர் நீளமானது. டில்லியில் எல்லோரும் பெரோஸ் காந்தி சட்டம் என்றே சொன்னார்கள்.

ஒன்றேகால் கோடி

சட்டத்துக்குச் சோதனை மறு வருஷமே வந்தது. அதைக் கொண்டுவந்தவரும் பெரோஸ்தான்!

கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்திரா என்ற ஒரு வியாபாரி இருந்தார். கம்பெனிகளின் பங்குகளை வாங்கிக் குவித்து, அவற்றை அடகு வைத்துக் கடன் வாங்கி, அந்தக் கடனில் இன்னும் பங்குகளை வாங்குவது அவர் வழி. 1957-ல் அவர் கழுத்தளவு கடனில் இருந்தார்.

அந்த ஆண்டு ஜூன் கடைசி வாரத்தில், முந்திராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியது. விலை சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். அன்று அது மிகப் பெரிய தொகை.

பங்கு வாங்குவது தப்பில்லை. அதற்கு எல்.ஐ.சி.யில் ஒரு முதலீட்டுக் கமிட்டி இருந்தது. வியாபாரம் தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். அந்தக் கமிட்டியை முன்கூட்டிக் கேட்கவே இல்லை. மார்க்கெட்டில் வாங்காமல் முந்திராவிடமே நேராக வாங்கினார்கள். சில பங்குகளுக்கு மார்க்கெட் விலையை விட அதிகம் கொடுத்தார்கள். ஒரு கடனாளியைக் கரையேற்ற, ஊரில் உள்ள ஏழை வாத்தியார்களின் பணம் போயிற்று என்று சொன்னால் தவறாகாது.

செப்டம்பரில் இதுபற்றிச் சபையில் முதல் கேள்வி வந்தது. பீகாரைச் சேர்ந்த ராம் சுபக் சிங் கேட்டார். பிடி கொடுக்காத பதில் வந்தது. நவம்பரில் மறுபடி கேள்வி. மறுபடி வழுக்கலான பதில்.

அந்தச் சமயம் நிதி மந்திரியாக இருந்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னைக்காரர். அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் கமிட்டியில் ஒருவர். அபாரத் திறமைசாலி. பணக்காரர்கள் மீது சொத்து வரியும் செலவு வரியும் போட்டவர். நேருவுக்கு மிகவும் வேண்டியவர்.

1957 டிசம்பர் 16-ந் தேதி. பெரோஸ் எழுந்தார். எல்.ஐ.சி.யைப் பெற்றெடுத்தது பாராளுமன்றம். ஆகவே அதைக் கண்காணிப்பதும் பாராளுமன்றத்தின் கடமை என்பது அவர் வாதம். பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். பேரம் யார் முடிவு? கமிட்டியை ஏன் கேட்கவில்லை? மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்ததை ஏன் ஒரே ஆளிடம் அதிக விலைக்கு வாங்கினார்கள்? பேரத்துக்கு முந்திய நாட்களில் பங்கு விலை ஏறியது எப்படி? தேதி, விலை, எண்ணிக்கை எல்லாம் அவர் கையில் இருந்தன.

அதோடு விடவில்லை. நிதி மந்திரிக்கும் நிதி இலாகாவின் பிரதம காரியதரிசி எச்.எம். பட்டேலுக்கும் இடையே நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்தும் அவருக்குக் கிடைத்திருந்தது. அதைக் கொடுத்தவர் யார் என்பதை அவர் வெளியிடவில்லை. யாரோ ஒருவர், எங்கோ ஒரு ஆபீஸில் இருந்து, வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்திருக்க வேண்டும். சட்டம் பத்திரிகையைக் காத்தது. அங்கத்தினரைக் காத்தது. காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த அந்த ஆளைக் காக்க அன்று எந்தச் சட்டமும் கிடையாது. ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-ல்தான் நிறைவேறியது. அதற்கும் பத்து ஆண்டுகள் கழிந்த பின்பு கூட, அமலுக்கு வரும் தேதி அறிவிக்கப்படவில்லை!

மாமனார் பிரதம மந்திரி. கேள்வி கேட்கப்பட்டவர் மாமனாரின் நம்பிக்கைக்குரிய மந்திரி. கேட்டவரும் ஆளும் கட்சிக்காரர். எதிர்க்கட்சிக்காரர் கேட்டிருந்தால் அரசியல் என்று தட்டிவிடலாம். இதை எப்படித் தட்டுவது?

மறுநாள் பத்திரிகைகள் முந்திரா பெயரையும், பட்டேல் பெயரையும், மந்திரி பெயரையும் துணிந்து அச்சிட்டன. ஓர் ஆண்டுக்கு முன்பு வந்த சட்டம் பக்கத்தில் நின்றது.

வாசலில் ஒலிபெருக்கி

நேரு விசாரணைக்கு உத்தரவிட்டார். பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாக நியமித்தார்.

1958 ஜனவரியில் பம்பாயில் விசாரணை தொடங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு நடத்தவில்லை. எல்லோரும் வரலாம் என்று சாக்ளா சொல்லிவிட்டார். கூட்டம் தாங்கவில்லை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள்.

நிதி மந்திரி சாட்சிக் கூண்டில் வந்து நின்றார். பட்டேல் வந்தார். எல்.ஐ.சி. தலைவர் காமத், நிர்வாக டைரக்டர் வைத்தியநாதன், ரிசர்வ் வங்கிக் கவர்னர் ஐயங்கார், பங்குத் தரகர்கள், முந்திரா எல்லோரும் வந்தார்கள். சர்க்காரின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் சேதல்வாத் கமிஷனுக்கு உதவினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்காரின் வக்கீல் சர்க்காரின் தவறை மூடி மறைக்க முயலவில்லை. தம் காரியதரிசி செய்ததற்கு மந்திரிதான் ஜவாப்தாரி என்ற நிலையையே அவர் எடுத்தார்.

கல்கத்தாப் பங்கு மார்க்கெட் சரியாமல் இருக்கத்தான் பங்குகளை வாங்கினோம் என்று அதிகாரிகள் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது. மார்க்கெட் தெரிந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் காரணம் நிற்கவில்லை. பேரத்துக்கு மந்திரியின் சம்மதம் இருந்தது என்பது பட்டேலின் கட்சி. தாம் சம்மதம் கொடுக்கவில்லை என்பது மந்திரியின் கட்சி. இருவரும் ஒரே இலாகாவில், ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள்!

சாக்ளா நாளைக் கடத்தவில்லை. ஜனவரியில் தொடங்கி, பிப்ரவரியில் அறிக்கை கொடுத்துவிட்டார். விசாரணைக் கமிஷன் என்றால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று பழகிப்போனவர்களுக்கு இது நம்ப முடியாத வேகம். கீழே நடந்தது எனக்குத் தெரியாது என்று மந்திரி ஒதுங்கிக்கொள்ள முடியாது, பொறுப்பு அவருடையதே என்பது அறிக்கையின் முடிவு.

கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்தார். சுதந்திர இந்தியாவில் பணமோசடி விவகாரம் ஒன்றில் பாராளுமன்றம் கேள்வி கேட்டு, விசாரணை நடந்து, மத்திய மந்திரி பதவி விலகிய முதல் பெரிய சம்பவம் இது. அவர் தம் பைக்குள் ஒரு காசு போட்டார் என்று யாரும் சொல்லவில்லை. பட்ஜெட் வாசிக்க மந்திரி இல்லாமல், 1958 பிப்ரவரி 28-ந் தேதி நேருவே பட்ஜெட்டை வாசித்தார். கிருஷ்ணமாச்சாரி பின்னால் மந்திரி சபைக்குத் திரும்பி, 1963-ல் மறுபடி நிதி மந்திரி ஆனார். முந்திரா ஜெயிலுக்குப் போனார். பட்டேல் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுக் குஜராத்தில் கல்விப் பணிக்குப் போனார்.

ரோஜாவும் தச்சு வேலையும்

நேரு மனம் வருந்தினார். ஒரு நல்ல மந்திரியை இழந்துவிட்டோம் என்பது அவர் எண்ணம். ஆனால் மருமகனின் வாயை அடைக்க முயலவில்லை. அந்தப் பெருமையை நேருவுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

குடும்பத்துக்குள் எல்லாம் சுமுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. இந்திரா பிள்ளைகளோடு தகப்பனார் வசித்த தீன்மூர்த்தி பவனத்தில் இருந்தார். பெரோஸ் அங்கத்தினர்களுக்குக் கொடுக்கும் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்தார். அங்கே ரோஜாத் தோட்டம் போட்டார். உளியும் ரம்பமும் எடுத்து மரச் சாமான்கள் செய்தார். விடுமுறையில் பிள்ளைகள் வந்தால் விளையாட்டுச் சாமான் செய்து கொடுப்பார். பாராளுமன்ற மைய மண்டபத்தில் அவர் உட்காரும் மூலையைச் சுற்றி அங்கத்தினர்களும் நிருபர்களும் காபியோடு கூடுவார்கள்.

தம் சொந்தச் சமூகம் என்றும் அவர் பார்க்கவில்லை. டாடாவின் டெல்கோ தொழிற்சாலை ரெயில் என்ஜினுக்கு அதிக விலை வாங்குகிறது, ஜப்பான் என்ஜின் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கணக்கு எடுத்து வைத்தார். டாடாவும் பார்சி, அவரும் பார்சி. பார்சிகள் பலர் கோபித்துக்கொண்டார்கள்.

1959-ல் இந்திரா காங்கிரஸ் தலைவரானார். அந்த ஆண்டு கேரளத்தில் நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்டு மந்திரி சபை கலைக்கப்பட்டது. இந்திரா அதற்கு முன்னின்றார். பெரோஸ் அதை ஆதரிக்கவில்லை.

1958-லேயே அவருக்கு மார்படைப்பு வந்திருந்தது. அதன்பின் இருவரும் பிள்ளைகளுடன் காஷ்மீரத்தில் சில நாட்கள் தங்கினார்கள். 1960 செப்டம்பரில் இரண்டாவது முறை வந்தது. அப்போது இந்திரா கேரளத்தில் இருந்தார். சேதி கேட்டு டில்லிக்குப் பறந்து வந்தார். செப்டம்பர் 8-ந் தேதி காலையில் வில்லிங்டன் ஆஸ்பத்திரியில் பெரோஸின் உயிர் பிரிந்தது. இன்று ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரி என்று பெயர் மாறியிருப்பது அதுதான். இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். யமுனைக் கரையில் தகனம் நடந்தது. அஸ்தியில் ஒரு பகுதி அலகாபாத் பார்சிக் கல்லறையில் வைக்கப்பட்டது.

மனைவியின் ஆட்சியில்

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

பெரோஸ் நின்ற அதே ரேபரேலியில் 1967 முதல் இந்திரா நின்று ஜெயித்தார். பிரதம மந்திரியாகவும் இருந்தார். 1975 ஜூன் 12-ந் தேதி அலகாபாத் ஹைகோர்ட்டு அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஜூன் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. தலைவர்கள் இரவோடு இரவாகக் கைதானார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் மூன்று அவசரச் சட்டங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, ஆட்சேபகரமானது என்று சர்க்கார் கருதும் விஷயங்களை அச்சிடுவதைத் தடுத்தது. இன்னொன்று பிரஸ் கவுன்சிலைக் கலைத்தது. மூன்றாவது, 1956-ம் ஆண்டு பெரோஸ் காந்தி சட்டத்தை ரத்துச் செய்தது. 1976-ல் பாராளுமன்றமும் அந்த ரத்துக்கு முத்திரை குத்தியது.

கணவர் கொண்டுவந்த சட்டம், மனைவியின் சர்க்காரில் செத்தது. சபையில் யாராவது எழுந்து கேட்டாலும், அதை அச்சிடும் பத்திரிகைக்கு மீண்டும் 1956-க்கு முந்திய பயம்தான்.

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. ரேபரேலியில் இந்திரா தோற்றார். ஜனதா சர்க்கார் வந்தது. வந்த வேகத்தில் செய்த காரியங்களில் ஒன்று, பெரோஸின் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த சர்க்காரின் நிதி மந்திரி யார் தெரியுமா? முந்திரா விவகாரத்தில் உத்தியோகத்தை விட்டுப் போன அதே எச்.எம். பட்டேல்!

சாதாரணச் சட்டமாக இருந்தால் நாளைக்கு இன்னொரு சர்க்கார் ஓர் அவசரச் சட்டத்தில் அழித்துவிடலாம். அதனால் 1978-ல் 44-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே 361-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். 1979 ஜூன் 20-ந் தேதி அது அமலுக்கு வந்தது. சபையின் ரகசியக் கூட்டங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. பெரோஸின் சட்டம் டில்லிப் பாராளுமன்றத்துக்கு மட்டும் இருந்தது. புதிய பிரிவு ராஜ்யச் சட்டசபைகளையும் சேர்த்துக்கொண்டது. சென்னைக் கோட்டையில் ஓர் அங்கத்தினர் காலையில் கேட்கும் கேள்வியை, மறுநாள் அச்சிட்டுக் கன்னியாகுமரிக்கு அனுப்பும் பத்திரிகைக்கும் அன்று முதல் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.